மரியா தெரேசா

ஐரோப்பாவின் பழம்பெரும் அரச மரபுகளுள் ஹாப்ஸ்பர்க் மரபும் ஒன்று. ஆஸ்திரியா, பொகீமியா, ஹங்கேரி முதலிய பல நாடுகள் அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மரபின் தலைவராக விளங்கியவர் பேரரசர் ஆறாம் சார்லஸ். அவருடைய ஒரே ஆண்மகவு 1716-இல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. மறு ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் வியன்னா நகரில் மரியா தெரேசா பிறந்தார்.

ஆண் வாரிசு இல்லையாயின் தம் மகளுக்கே நாடுகள் யாவும் பிரிவின்றிச் சேரவேண்டும் என்று 1713-இலேயே சார்லஸ் சட்டம் செய்திருந்தார். அதனைப் பிற மன்னர் ஏற்பரோ என்ற கவலை அவரை வாட்டியது. அரசுதோறும் தூது விடுத்தார். சலுகைகள் பல அளித்தார். நம் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்திலும் தளம் வைத்திருந்த ஆஸ்டெண்டு வணிகக் குழுவையும் இங்கிலாந்தின் இசைவுக்காகக் கலைத்துவிட்டார். ஏடுகளில் கையொப்பங்கள் நிறைந்தன. ஆயின் கருவூலத்தில் பொருள் இல்லை. படையில் வலிமை இல்லை. மகளுக்கு இசையும் மொழிகளும் கற்பித்தவர் அரசியலைக் கற்பிக்கவில்லை.

1740 அக்டோபர் 20-ஆம் நாள் சார்லஸ் மறைந்தார். இரண்டு திங்கள் நிறைவதற்குள் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக், வளம் மிக்க சைலீசியாவினுள் படையுடன் புகுந்தார். பவேரியாவும் பிரான்சும் பின்னர் அவருடன் கைகோத்தன. அரசிக்கு அப்போது அகவை இருபத்து மூன்று, கருவுற்றும் இருந்தார். சைலீசியாவை விட்டுக்கொடுத்து அமைதி தேடுமாறு அமைச்சர் சிலர் கூறினர். அவர் இசையவில்லை.

ஹங்கேரியரின் துணையை நாடுவது ஒன்றே எஞ்சிய வழி. அவர்களோ 1703 முதல் 1711 வரை ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவர்கள். அவர்கள் கையில் படைக்கலம் கொடுப்பது தகுமா என்று முதியோர் அஞ்சினர். 1741 செப்டம்பர் 11-ஆம் நாள் பிரெஸ்பர்க் நகரில் கூடிய பிரபுக்களின் அவையில் அரசி இலத்தீன் மொழியில் தம் நிலையை எடுத்துரைத்து உதவி வேண்டினார். பிரபுக்கள் வாளை உருவி ஆணையிட்டனர். கைக்குழந்தையை ஏந்தி அவர் நின்றதாக ஓவியர் வரைவர். குழந்தை அங்குக் கொண்டுவரப்பட்டது சில நாள் கழித்தே. பிரபுக்களும் வெறும் இரக்கத்தால் இசைந்தாரல்லர். வரி செலுத்தாத தம் பழைய உரிமையை உறுதி செய்துகொண்டனர். எனினும் படை வந்தது, அரசும் பிழைத்தது. 1748-இல் போர் முடிந்தபோது அரியணை அவருக்கு உறுதியாயிற்று. ஆயின் சைலீசியா திரும்பவில்லை. 1756-இல் தொடங்கிய ஏழாண்டுப் போரினாலும் அதனை மீட்க முடியவில்லை.

தந்தை செய்யாததை மகள் செய்தார். ஆஸ்திரியாவிலும் பொகீமியாவிலும் பிரபுக்களையும் வரி செலுத்தச் செய்தார். நிலையான படையை அமைத்தார். 1767-இல் பெரியம்மையினின்று தாம் உயிர் தப்பியதும், மறு ஆண்டு தம் இளம் மக்களுக்கு அம்மைப்பால் குத்துவித்தார். 1774-இல் சிறுவர் சிறுமியர் அனைவர்க்கும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார். இவ்வளவும் செய்த அவரே, 1744-இல் பிராகு நகரத்து யூதர்களை வெளியேற ஆணையிட்டார் என்பதையும் மறைத்தற்கில்லை.

1772-இல் பிரஷ்யாவும் ரஷ்யாவும் போலந்தைப் பங்கிட முனைந்தன. உடன் ஆண்ட மகன் ஜோசப் அதற்கு இசைந்தார். தம் நாட்டைப் பிறர் கவர்ந்த கொடுமையை அறிந்த அரசி முதலில் மறுத்தார், மனம் வருந்தினார், முடிவில் கையொப்பமிட்டுக் கலீசியாவைப் பெற்றுக்கொண்டார்.

1765-இல் கணவரை இழந்தது முதல் அவர் துயர் உடையைக் களையவே இல்லை. 1780 நவம்பர் 29-ஆம் நாள் உயிர் நீத்த அவரை, வியன்னாவில் கணவர் துயிலும் பேழையிலேயே அடக்கம் செய்தனர்.