இதய நாடிகளைத் தமிழில் எழுதிய அமெரிக்கர்: யார் இந்த டாக்டர் கிறீன்?

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பொன்முடிக்கு வண்டியை விட்டிருப்பீர்கள். நகரத்திலிருந்து சுமார் 35 கி.மீ. போனால் வித்துரா. அங்கிருந்து ஒரு சாலை பொன்முடிக்கு ஏறும். இன்னொன்று போனக்காடு பக்கம் திரும்பும். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடைப்பயணம் தொடங்குவது போனக்காட்டிலிருந்துதான். தமிழுக்கு இலக்கணமும் சித்த மருத்துவமும் தந்தவர் என்று நம்பப்படும் அகத்தியரின் மலை அது. ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். ஒரு நிமிஷம் நின்றால் சரியாகிவிடும்.

உங்கள் அப்பாவும் கூட வந்திருக்கிறார், ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்துக் கையில் ஒரு ரிப்போர்ட் கொடுப்பார்கள். எல்.ஏ.டி., எல்.சி.எக்ஸ்., ஆர்.சி.ஏ. என்று மூன்று பெயர்கள், பக்கத்தில் சதவீதக் கணக்கு. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார், அப்பாவுக்கு என்னப்பா ஆச்சு என்று. ஆபீஸில் எதை வேண்டுமானாலும் விளக்கத் தெரிந்த உங்களுக்கு, இதைத் தமிழில் சொல்ல வார்த்தை வராது.

இந்தச் சிக்கலை 150 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கையில் எடுத்தார். அவர் தமிழர் இல்லை, அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

யார் இவர்?

1822-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டரில் பிறந்தவர் கிறீன். நியூயார்க்கில் மருத்துவம் படித்தார். 1847-ல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். அப்போது வயது 24. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டே மானிப்பாய். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். மானிப்பாயில் இன்றும் இருக்கும் கிறீன் நினைவு மருத்துவமனையின் தொடக்கம் இதுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடலாம். அவர் ஒரு மிஷனரி. மதம் பரப்புவது அவருடைய நோக்கங்களில் ஒன்று, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் கிறிஸ்தவராக மாறுபவர் தமிழராகவே இருக்க வேண்டும், கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அரைகுறை ஐரோப்பியராக ஆகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம்தான் அவரை மொழிப் பக்கம் கொண்டுவந்தது.

ஏன் தமிழில்?

ஆரம்பத்தில் அவருடைய வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. நன்றாகப் படித்தவர்கள் என்ன செய்தார்கள்? நல்ல சம்பளமுள்ள அரசாங்க வேலை கிடைத்ததும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? நீங்களும் நானும் செய்வது அதைத்தான், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிராமத்தில் வாந்திபேதி பரவும்போது அங்கே மருத்துவர் வேண்டுமே என்பது கிறீனின் கவலை. தமிழில் படித்தவர் தன் மக்களோடு தங்குவார், அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசுவார் என்று அவர் கணக்குப் போட்டார். 1857-ல் அமெரிக்கா போய்விட்டு 1862-ல் திரும்பி வந்தவர், 1864 வாக்கில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் படித்த 60-க்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள்.

பாடம் தமிழில் என்றால் புத்தகமும் தமிழில் வேண்டும், இல்லையா? மகப்பேறு, அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், வேதியியல், உடலியங்கியல் என்று ஒவ்வொன்றாகத் தன் மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். எல்லாம் சேர்த்து 4000 பக்கங்களுக்கு மேல் வரும். அதில் பெரிய வேலை 1872-ல் வந்த 'மனுஷ அங்காதிபாதம்'. அங்காதிபாதம் என்றால் உடற்கூறு. லண்டனில் 1858-ல் வெளியாகி, இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் புரட்டும் ஹென்றி கிரேயின் உடற்கூறு நூலை முதன்மையாகக் கொண்டது அது. மூலம் வந்து 14 ஆண்டுகளில் தமிழ்.

திருவனந்தபுரத்தோடும் இவருக்கு ஒரு தொடர்பு உண்டு. கிறீன் தமிழாக்கத்துக்கு எடுத்துக்கொண்ட நூல்களில் ஒன்று, 1868-ல் வெளியான இந்திய மருந்துகளின் தொகுப்பு. அதைத் தொகுத்த எட்வர்ட் வேரிங், திருவிதாங்கூர் மன்னரிடம் மருத்துவராக இருந்தவர்.

வார்த்தைகளை எப்படிப் பிடித்தார்?

அவருடைய வழிமுறை எளிமையானது. முதலில் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் பார். அங்கேயும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது. இதனால் தூய தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு அவர் நூல்களில் குறை தெரியும். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயரே 'கெமிஸ்தம்'. ஆனால் எந்தச் சொல்லுக்காகவும் பாடம் நின்றுவிடவில்லை.

சரி, அந்த மூன்று பெயர்கள் என்ன?

இப்போது அம்மாவுக்கு விளக்க வேண்டியதற்கு வருவோம். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயைத் தமிழ்நாட்டுப் பாடநூல் தமனி என்கிறது, இலங்கைப் பாடநூல் நாடி என்கிறது. திரும்பக் கொண்டுவருவது இங்கே சிரை, அங்கே நாளம்.

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் அந்தத் தசைக்கும் ரத்தம் வேண்டும். பெருநாடி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு கிளைகள் பிரிகின்றன. வலது கிளைதான் ரிப்போர்ட்டில் உள்ள ஆர்.சி.ஏ. இடது கிளை கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரியும். முன்பக்கமாக இறங்குவது எல்.ஏ.டி., பக்கவாட்டில் வளைந்து பின்னால் போவது எல்.சி.எக்ஸ். மூன்றும் சேர்ந்து இதயத்தின் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருப்பதால்தான் 'கரோனரி' என்ற பெயர். இலங்கைத் தமிழில் இதை 'முடியுரு நாடி' என்கிறார்கள். முடி என்றால் கிரீடம். பெயரைக் கேட்டதுமே படம் தெரிகிறது பாருங்கள்.

மலை ஏறும்போது ஏன் வலி வருகிறது? இதயத்தின் இடப்பக்கத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அது சுருங்கும்போது கிடைப்பதில்லை, தளரும்போதுதான் கிடைக்கிறது. வேகமாகத் துடித்தால் தளரும் நேரம் குறைகிறது, தேவையோ கூடுகிறது. குழாய் நன்றாக இருந்தால் அது விரிந்து கொடுத்துச் சமாளிக்கும். உள்ளே கொழுப்பு படிந்து குறுகியிருந்தால் முடியாது, தசை வலியால் கத்தும்.

இன்னொரு நாடியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் ஓரமாக, விலா எலும்புகளுக்கு உள்பக்கம், மேலிருந்து கீழே ஒவ்வொரு நாடி இறங்குகிறது. தோள் பக்கம் போகும் பெரிய நாடியிலிருந்து பிரிந்து, மார்புச் சுவருக்கு ரத்தம் கொடுப்பது அதன் வேலை. இதில் கொழுப்பு அடைப்பது மிகவும் அரிது. அதனால் பைபாஸ் அறுவை சிகிச்சையில் இடப்பக்க மார்பு நாடியின் கீழ்முனையை வெட்டி, எல்.ஏ.டி.யில் அடைப்பைத் தாண்டிய இடத்தில் தைக்கிறார்கள். கிரே எழுதிய காலத்தில் இந்த நாடி எங்கே ஓடுகிறது என்று தெரியும், இப்படி ஒரு உயிரைக் காக்கும் என்று தெரியாது. இதயப் பைபாஸ் வந்ததே 1960-களில்தான். இந்தியாவில் 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் அதை முதலில் செய்தார்.

பிறகு என்ன ஆனது?

1873-ல் உடல்நலம் குன்றி கிறீன் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார். 1884-ல் இறந்தார். தான் தமிழர்களுக்காக உழைத்த மருத்துவ ஊழியர் என்பது கல்லறையில் இருக்க வேண்டும் என்று விரும்பினார், அப்படியே பொறித்தார்கள். ஆனால் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவப் படிப்பு நிலைக்கவில்லை. வேலையும் பட்டமும் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழில் படிக்க யார் வருவார்கள்? அந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் மருத்துவப் படிப்பு எந்த மொழியில் நடந்தாலும், நோயாளி தன் வலியைத் தன் மொழியில்தான் சொல்கிறார். ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்து, உட்கார்ந்ததும் விடுகிறது என்று அப்பா சொன்னால், அதை வாயு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உட்கார்ந்த பிறகும் வலி விடவில்லை என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் அம்மாவை உட்கார வைத்து, ஒரு தாளில் இதயத்தை வரைந்து, அதற்கு மேலே மூன்று கிளையுள்ள ஒரு கிரீடத்தைப் போடுங்கள். அடைப்பு எங்கே என்று விரலால் காட்டுங்கள். மானிப்பாய் வகுப்பில் கிறீன் செய்ய நினைத்ததும் ஏறக்குறைய இதைத்தான்.