சட்டசபையில் ஒரு மருத்துவர்
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் (1886–1968)

சித்தன்னவாசலைத் தரிசிக்கப் புதுக்கோட்டைக்குச் சென்று வந்த அன்பர்கள் நம்முள் பலர். அந்நகரத்து மகாராசா கல்லூரியின் பெயரையும் அவர்கள் அறிந்திருப்பர். 1904ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா என்பது ஊரே பேசும் வழக்காயிற்று. ஆடவர் பயிலும் வகுப்பில் ஒரு பெண் அமர்ந்தால் ஒழுங்கு குலையும் என்றனர் பெற்றோர் சிலர். அப்பெண்ணின் பிறப்பைச் சுட்டிக் காட்டி முணுமுணுத்தவர்களும் உண்டு. இறுதியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடமளித்தார். அவ்வாறு இடம் பெற்ற பெண்ணே பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், அதே மகாராசா கல்லூரியின் முதல்வராக இருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்மக்களைப் பொட்டுக்கட்டி விடும் மரபில் வந்தவர். இத்திருமணத்தால் தந்தையாரை அவர்தம் சுற்றத்தார் விலக்கி வைத்தனர். வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. எனினும், வெளியில் தாயின் குலத்தைச் சொல்லி எழுந்த ஏளனத்தைச் சிறுமியாக இருந்தபோதே அம்மையார் கேட்டு வளர்ந்தார். அவர்தம் சட்டசபைப் பணியை அறிய விரும்புவோர் இதை மறந்துவிடலாகாது. அவர் சட்டசபையில் வாதாடியது எங்கோ கேள்விப்பட்டதொரு தீமையைப் பற்றியன்று. தம் தாய்வழி உறவில் கண்ணெதிரே கண்ட ஒன்றைப் பற்றியே ஆகும்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பதக்கங்களும் பரிசுகளும் பெற்று, 1912இல் பட்டம் பெற்றார். மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடி இந்தியப் பெண்மணிகளுள் அவர் ஒருவர். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியாரைச் சாதி கடந்து மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று மணத்திற்கு முன்பே உறுதி பெற்றுக்கொண்டார். சுந்தர ரெட்டியார் அதனை இறுதிவரை காத்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெரியோர் வரலாறுகளில் இத்தகைய துணைவர்களின் பெயர் ஓரிரு வரியில் மறைந்துபோவது வழக்கம். 1925இல் அம்மையார் இங்கிலாந்து சென்று மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றில் மேற்பயிற்சி பெற்றார். நாடு திரும்பியபோது அவர் மனத்தில் இருந்தது மருத்துவத் தொழில் ஒன்றே.

அரசியல் அவரைத் தேடி வந்த கதை இது. சென்னை மாகாணத்தில் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. இந்தியாவில் அதனை முதலில் அளித்த மாகாணம் சென்னையே. ஆயினும் அது சொத்துடைய சிலருக்கு மட்டுமான உரிமை. சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை அப்போது இல்லை. 1926இல் அத்தடை நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டுச் சிறிய வேறுபாட்டில் தோற்றார். தேர்தல் வழியே பெண் எவரும் வராத நிலையில், நியமன இடங்களுள் ஒன்றிலேனும் ஒரு பெண்மணியை அமர்த்த வேண்டுமென்று இந்திய மாதர் சங்கம் அரசினரை வேண்டியது. சங்கம் முன்மொழிந்த பெயர் முத்துலட்சுமி அம்மையாருடையது. மருத்துவத் தொழில் கெடுமே என்று அவர் தயங்கினார். அன்பர்கள் வற்புறுத்தவே இசைந்தார். கட்சி எதுவும் சாராமல், வாக்குக் கேட்டு எந்த வாசலிலும் நில்லாமல், சட்டசபைக்குள் அடியெடுத்து வைத்தார்.

1927இல் சபை கூடியதும் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். ஆடவர் மட்டுமே நிறைந்திருந்த அவையில், தலைவர் இல்லாத வேளைகளில் அந்த இருக்கையில் அமர்ந்து ஒழுங்கு காப்பது அவர் கடமையாயிற்று. இப்பெருமையைப் பலரும் பாராட்டி எழுதியுள்ளனர். நமக்கோ, அவர் அந்த இருக்கையை விட்டிறங்கித் தம் இடத்தில் நின்று பேசிய நாள்களே பெரியனவாகத் தோன்றுகின்றன.

1927 நவம்பரில், பெண்மக்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் செய்ய வேண்டும் எனப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். வயது வராத பெண்களைத் தீய தொழிலில் ஈடுபடுத்துவோரைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முன்னமே இடமிருந்தது. அப்படியிருக்கத் தனிச் சட்டம் எதற்கு என்று சிலர் வினவினர். பொட்டுக்கட்டு ஒரு தெய்வச் சடங்காக நடைபெறுகிறது. நோக்கம் தீயதென்று நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது அரிது. ஆகவே சடங்கையே சட்டவிரோதமாக்கினாலன்றிப் பயனில்லை என்பது அம்மையாரின் வாதம். நோயின் குறியைத் தணிப்பதை விட்டு அதன் வேரை நாடும் மருத்துவரின் நோக்கு இது. தீர்மானம் நிறைவேறிற்று.

ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. சமயத்தில் அரசு கை வைக்கலாகாது என்றார் சிலர். கோயிற்கலை அழிந்துபடும் என்றார் சிலர். காங்கிரசுத் தலைவர்களுள் நாவன்மை மிக்க சத்தியமூர்த்தி அவர்களும் எதிரணியில் நின்றார். தேவதாசியர் சிலரே சங்கமாகக் கூடி, தங்கள் வாழ்வும் உரிமையும் பறிபோகும் என்று அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். மறுபுறம், அதே குலத்துப் பெண்கள் பலர் அம்மையாரை ஆதரித்து எழுதினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கத்திற்கு எதிராகப் பேசினார். காந்தியடிகளும் ஆதரவு தெரிவித்தார்.

இங்கே அம்மையாரின் கூர்மையை உணர்த்தும் ஒரு செயலைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். கோயிற்பணி செய்யும் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. பணி தொடர்ந்தால்தான் நிலம். பணி நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தலைமுறையில் பணி செய்தவள் முதுமையடையும்போது, நிலத்தைக் காத்துக்கொள்ள வீட்டில் மற்றொரு சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. பெண் பிறக்கவில்லையெனில் தத்தெடுத்தேனும் கட்டினர். பக்தி, கலை, மரபு என்று வெளியே என்ன பெயர் சொன்னாலும், பல வீடுகளில் அச்சிறுமியின் கழுத்தில் பொட்டைக் கட்டியது ஒரு துண்டு நஞ்சையே. இந்தக் கட்டை அவிழ்க்காமல் தடைச்சட்டம் மட்டும் வந்தால் ஏழைக் குடும்பங்கள் தெருவில் நிற்கும் என்பதை அம்மையார் கண்டார். எனவே இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தம் கொணர்ந்தார். கோயிற்பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையினின்றும் அந்த மானிய நிலங்கள் விடுவிக்கப்பட்டன. 1929இல் திருத்தம் சட்டமாயிற்று. அதன்பின் நிலத்திற்காக மகளை நேர்ந்துவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

தடை செய்வதற்கு முன் வாழ வழி செய்து கொடுத்த இவ்வரிசை நம் கருத்தில் அவருடைய சட்டசபைப் பணியின் சிகரம். துணைத் தலைவர் பதவியைப் பாராட்டுவோர் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

அக்காலத்தில் அவர் கவனம் இதில் மட்டும் நின்றுவிடவில்லை. 1928இல் பெண்ணின் திருமண வயதைப் பதினாறாகவும் ஆணின் வயதை இருபத்தொன்றாகவும் உயர்த்தப் பரிந்துரைக்கும் தீர்மானத்தைச் சபையில் கொண்டுவந்தார். மறு ஆண்டு நாடு முழுமைக்கும் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் என்றே வகுத்தது. பள்ளிச் சிறார்க்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமென வலியுறுத்தினார். பரத்தையர் விடுதிகளை ஒடுக்கும் 1930ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறவும் உழைத்தார்.

சைமன் குழுவின் துணையாக அமைந்த ஆர்டாக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். சைமன் குழுவை நாடே புறக்கணித்த வேளையில் அதில் அமரலாமா என்று கேட்கலாம்; பெண்கல்வி பற்றிப் பேச ஒரு பெண்ணேனும் அங்கே வேண்டும் என்பதே அவர் நிலையாக இருந்திருத்தல் வேண்டும். 1922–23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு குழந்தைகளில் பதினெட்டுப் பேரே 1925–26இல் நான்காம் வகுப்பை எட்டியிருந்தனர் என்ற செய்தியை உலகறியச் செய்தது அக்குழுவின் அறிக்கைதான்.

1930 சனவரியில், பொட்டுக்கட்டுவதை முற்றிலும் தடுக்கும் மசோதாவை அம்மையார் சபை முன் வைத்தார். நிலச் சிக்கல் தீர்ந்துவிட்டது, மக்கள் கருத்தும் கனிந்து வந்தது, எஞ்சியது இதுவே. அவ்வாண்டு மே திங்கள் 5ஆம் நாள், உப்புச் சத்தியாக்கிரகத்தை நடத்திய காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அம்மையார் உடனே தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். மசோதா நிறைவேறாமல் நின்றது.

இதைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இன்னும் சில மாதம் பொறுத்திருந்து சட்டத்தை முடித்துவிட்டு விலகியிருக்கலாம். ஒவ்வோராண்டும் தாமதமானதால் எத்தனை சிறுமியர் பொட்டுக் கட்டப்பட்டனரோ என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அவர் வாக்காளரால் அனுப்பப்பட்டவர் அல்லர்; அரசு நியமித்து அமர்த்தியவர். காந்தியடிகளைச் சிறையிலிட்ட அதே அரசின் நியமனத்தில் தொடர்ந்து அமர்ந்திருப்பது அவர் மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை. தம் வாழ்நாட் குறிக்கோள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அவர் அந்த முடிவை எடுத்தார். எளிதில் எடுத்திருக்க முடியாது என்பதில் மட்டும் நாங்கள் ஒத்த கருத்துடையோம். தம் சட்டசபை அனுபவங்களை அவ்வாண்டே ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

அதே 1930ஆம் ஆண்டில் வேறொன்றும் நிகழ்ந்தது. பொட்டுக்கட்டுக்குத் தப்பிய தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் மறுத்தன. சட்டம் கேட்டுப் போராடியவர் வாயிலில் சட்டம் காக்க வேண்டிய குழந்தைகளே வந்து நின்றபோது, அவர்களைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்தார். ஔவை இல்லம் இவ்வாறு தோன்றியது. பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண்குழந்தைகள் பலருக்குத் தாய்வீடாயிற்று.

1932 இறுதியில், தேவதாசியர் நடனத்தைப் பொது விழாக்களில் நடத்துவது பற்றிச் செய்தித்தாள்களில் அம்மையாருக்கும் வழக்கறிஞர் கிருஷ்ண ஐயருக்கும் நீண்ட விவாதம் நடந்தது. கலையைக் காக்க வேண்டும் என்ற ஐயரின் வாதத்திலும் உண்மை இருந்தது என்று இன்று நாம் ஒப்புக்கொள்ளலாம். அக்கலை பிற்காலத்தில் பிற குலத்துப் பெண்களின் கைகளில் மேடையேறிப் புகழ் பெற்றது. அதனை வழிவழியாகப் போற்றிய குடும்பங்கள் பல வறுமையில் மறைந்தன. இக்குறையை அம்மையார் மீது சுமத்துவது நேர்மையன்று. எனினும், அதைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையன்று.

மசோதா என்ன ஆயிற்று? பம்பாய் மாகாணம் 1934இலேயே இத்தகைய சட்டம் செய்தது. சென்னையில் பல்லாண்டுகள் கழிந்தன. முடிவில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. அம்மையார் சபையை விட்டு வெளியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு அப்போது வயது அறுபத்தொன்று.

அதன் பின்னும் ஓய்வு கொள்ளவில்லை. தம் தங்கை 1923இல் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட நாள் முதல், அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை காண வேண்டும் என்பது அவர் ஏக்கம். மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். அதே 1954இல் மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைவுறச் சில நாள்களே இருந்தபோது, சென்னையில் மறைந்தார்.