கார்பெட் பார்க்குக்கு டிரிப் போறீங்களா? அந்தப் பெயருக்குப் பின்னால இருக்கிற மனிதரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

டெல்லியில டிரைவரோட ஒரு காரைப் பேசிக்கிட்டு, ஆக்ராவுல தாஜ்மஹால், ஜெய்ப்பூர்ல கோட்டை, ரன்தம்போர்ல புலி... வட இந்தியாவுக்கு முதல் முறையா டிரிப் பிளான் பண்றவங்க மொபைல்ல இந்த ரூட்தான் முதல்ல வந்து நிக்கும். இன்னும் ரெண்டு மூணு நாள் லீவு கையில இருந்தா, டிராவல்ஸ்காரர் அடுத்ததா சொல்ற பெயர் ஜிம் கார்பெட். டெல்லியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர்தான். அதிகாலையில கிளம்பினா, மதியச் சாப்பாட்டுக்கு ராம்நகர் போயிடலாம்.

போறோம், ஜிப்ஸியில ஏறுறோம், அதிர்ஷ்டம் இருந்தா புலியைப் பார்க்கிறோம், ரீல்ஸ் போடுறோம், திரும்பிடுறோம். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஜிம் கார்பெட் ஒரு வேட்டைக்காரர். துப்பாக்கியால புலிகளைச் சுட்டவர். அவர் பெயரைப் போய் இந்தியாவோட முதல் தேசியப் பூங்காவுக்கு ஏன் வெச்சாங்க? இதுக்குப் பதில் தெரியணும்னா, அவரோட 79 வருஷ வாழ்க்கையை ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரணும். வாங்க.

போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பையன்

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் பிறந்தது 1875 ஜூலை 25, நைனிடால்ல. அப்பா கிறிஸ்டோபர் அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயசு ஆகுறதுக்குள்ளேயே அப்பா இறந்துட்டார். அம்மா மேரி ஜேன், நைனிடாலுக்குக் கோடைக்கு வர்ற ஆங்கிலேயர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற தொழில் செஞ்சு குடும்பத்தைக் காப்பாத்தினார். அந்தக் காலத்துல ஒரு பெண் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்!

ஆங்கிலேயக் குடும்பம்னதும் அரண்மனை வாழ்க்கையைக் கற்பனை பண்ணிக்காதீங்க. இந்தியாவுலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர்களை, லண்டன்ல இருந்து வந்த அதிகாரிகள் ஒரு படி கீழேதான் வெச்சிருந்தாங்க. கார்பெட் குடும்பமும் அந்த வகைதான். பெரிய படிப்பு, பெரிய பதவி எல்லாம் அவங்களுக்கு எட்டாத தூரம்.

குளிர்காலம் வந்தா நைனிடால்ல இருந்து கீழே காலாதுங்கிக்கு இறங்கி வந்துடுவாங்க. சுத்தியும் காடு. ஜிம்முக்கு அதுதான் பள்ளிக்கூடம். முதல்ல கவண், அப்புறம் ஒரு பழைய துப்பாக்கி. அதுவும் ஒரு குழாய் வெடிச்சு, கட்டை உடைஞ்சு, பித்தளைக் கம்பியால கட்டி வெச்சது. அதைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள சுத்தின பையன், கூடவே இன்னொண்ணும் கத்துக்கிட்டான். குரங்கு ஏன் திடீர்னு கத்துது, புள்ளிமான் எதைப் பார்த்துக் குரல் கொடுக்குது, ஈரமண்ணுல இருக்கிற கால்தடம் எவ்வளவு நேரத்துக்கு முந்தினது... காட்டோட மொழி அவனுக்கு அத்துப்படி.

நீங்க சஃபாரி போகும்போது கவனிங்க. கைடு திடீர்னு ஜீப்பை நிறுத்தச் சொல்லி, விரலை உதட்டுல வெப்பார். தூரத்துல ஒரு மான் கத்தும். புலி நடமாடுதுனு அர்த்தம். கார்பெட் சின்ன வயசுல கத்துக்கிட்ட அதே பாடம்தான் இன்னிக்கும் அங்கே புலியைக் காட்டிக் கொடுக்குது.

20 வருஷம் மூட்டை தூக்கிய இடம்

புலி வேட்டைதான் கார்பெட்டோட தொழில்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. அவர் ரயில்வேக்காரர். இளம் வயசுலேயே பீகார் பக்கம் வேலைக்குப் போய், ரயில் இன்ஜினுக்கு விறகு வெட்டி அனுப்புற வேலையில சேர்ந்தார். அதுக்கப்புறம் கங்கைக் கரையில இருக்கிற மோகாமா காட்ல சரக்கு மாத்துற ஒப்பந்தம். ஆத்துக்கு இந்தப் பக்கம் அகல ரயில் பாதை, அந்தப் பக்கம் மீட்டர் கேஜ் பாதை. நடுவுல பாலம் கிடையாது. ஒரு ரயில்ல வர்ற சரக்கை இறக்கி, படகுல ஏத்தி, அக்கரையில இன்னொரு ரயில்ல ஏத்தணும். எல்லாமே தலைச்சுமை.

இந்த வேலையை 20 வருஷத்துக்கும் மேல பார்த்தார் கார்பெட். தொழிலாளர்களோட சேர்ந்து அவரும் மூட்டை தூக்கினார். அவங்க மொழியைப் பேசினார், அவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்க ஏற்பாடு செஞ்சார். முதல் உலகப்போர் வந்தப்போ, குமாயுன் மலைக்காரங்க 500 பேரைச் சேர்த்து பிரான்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனதும் இந்த ரயில்வேக்காரர்தான்.

அப்போ வேட்டை? லீவு போட்டுட்டு வந்து செஞ்சதுதான். அதுவும் எப்படி ஆரம்பிச்சதுனு பாருங்க.

436 உயிர்கள்

1907. சம்பாவத் பகுதியில ஒரு பெண் புலி. நேபாளத்துல சுமார் 200 பேரைக் கொன்னுட்டு, அங்கிருந்து விரட்டப்பட்டு குமாயுனுக்குள்ள வந்துடுச்சு. இங்கேயும் ஆட்கள் செத்துக்கிட்டே இருந்தாங்க. மொத்தக் கணக்கு 436. மக்கள் வீட்டைவிட்டு வெளியே வரவே பயந்தாங்க. வயல்ல கதிர் அப்படியே நின்னுச்சு.

கார்பெட்கிட்ட உதவி கேட்டாங்க. அவர் ரெண்டு நிபந்தனை போட்டார். புலி தலைக்கு அறிவிச்ச பரிசுப் பணத்தை ரத்து செய்யணும். பணத்துக்காக அலைஞ்சுக்கிட்டிருக்கிற மத்த வேட்டைக்காரங்களைத் திரும்ப அழைச்சுக்கணும். பணத்துக்காகச் செய்யற வேலையா இது இருக்கக் கூடாதுங்கிறதுல தெளிவா இருந்தார்.

அவர் அங்கே இருக்கும்போதே, விறகு பொறுக்கப் போன ஒரு இளம்பெண்ணைப் புலி தூக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாள் சம்பாவத் தாசில்தார் கிராமத்து ஆட்கள் சுமார் 300 பேரைத் திரட்டினார். அவங்க மலை மேல இருந்து பறை அடிச்சு, கத்தி, கல்லை உருட்டிப் புலியைக் கீழே விரட்ட, கார்பெட் தன்கிட்ட இருந்த மூணு தோட்டாவையும் சுட்டுத் தீர்த்துட்டார். காயம்பட்ட புலி இன்னும் நின்னுக்கிட்டிருக்கு. ஓடிப்போய்த் தாசில்தார் கையில இருந்த பழைய துப்பாக்கியை வாங்கிக் கடைசியாச் சுட்டார். கதை முடிஞ்சது.

செத்துக் கிடந்த புலியோட வாயைத் திறந்து பார்த்தப்போதான் உண்மை தெரிஞ்சது. வலது பக்கக் கோரைப்பற்கள் உடைஞ்சிருந்தன. மேலே இருந்தது பாதி, கீழே இருந்தது எலும்பு வரைக்கும். பழைய துப்பாக்கிக் காயம். எவரோ ஒருத்தர் எப்போதோ சரியாச் சுடாம விட்டுட்டுப் போனதால, இயல்பான இரையைப் பிடிக்க முடியாமப் போன புலி அது. 436 மரணங்களோட தொடக்கத்துல இருந்தது ஒரு மனுஷனோட தப்பான குறி.

இதுதான் கார்பெட்டை மத்த வேட்டைக்காரங்ககிட்ட இருந்து பிரிச்ச புள்ளி. ஒவ்வொரு ஆட்கொல்லியையும் சுட்ட பிறகு, அது ஏன் அப்படி ஆச்சுனு தேடினார். சிலதுக்கு ஆறாத குண்டுக் காயம். சிலதுக்கு உடம்புல முள்ளம்பன்றி முள் குத்திச் சீழ் வெச்சிருந்தது. சிறுத்தைக்கு அவர் சொன்ன காரணம் வேற. கொள்ளைநோய் காலத்துல எரிக்க ஆளில்லாம பிணங்களைப் பள்ளத்தாக்குல போட்டுட்டாங்க. அதைத் தின்னு பழகின சிறுத்தை, நோய் ஓய்ஞ்சதும் உயிரோட இருக்கிறவங்களைத் தேடி வந்துச்சுனு அவர் கணிச்சார்.

ருத்ரபிரயாக் சிறுத்தை அப்படிப்பட்டதுதான். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில 1918-லிருந்து 1926 வரைக்கும் எட்டு வருஷம். 125 பேர். ராத்திரியானா அந்தப் பாதையில ஒரு கதவுகூடத் திறக்காது. கார்பெட் மாசக்கணக்குல அலைஞ்சார். கடைசியில குலாப்ராய்ங்கிற இடத்துல ஒரு மாமரத்து மேல ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து, 1926 மே மாசம் அதை முடிச்சார். நீங்க கேதார்நாத்துக்குக் கார்ல போனா, அந்த இடம் வழியிலேயே வரும். நினைவுச்சின்னமும் இருக்கு.

புகழ்ந்துட்டுப் போயிடலாமா?

முடியாது. கார்பெட் சுட்டதெல்லாம் ஆட்கொல்லி மட்டும்தான்னு சொன்னா அது பொய். 1930-ல பவல்கர் பகுதியில ஒரு பெரிய ஆண் புலியைச் சுட்டார். மனுஷங்களை அது தொட்டதே இல்லை. அது அவ்வளவு பெரிய புலிங்கிறதுதான் காரணம். வைஸ்ராய் மாதிரி பெரிய மனிதர்கள் வேட்டைக்கு வந்தப்போ கூடவே நின்னவரும் அவர்தான். அந்தக் காலத்து ஆங்கிலேயர் எல்லாரையும் மாதிரி அவரும் வேட்டையை விளையாட்டா ரசிச்சவர். இதை மறைச்சுட்டு அவரை மகானாக்கத் தேவையில்லை.

ஆனா, அந்த மனிதர் மாறினார். அதுதான் முக்கியம். எஃப்.டபிள்யூ. சாம்பியன்னு ஒரு வனத்துறை அதிகாரி, புலியைச் சுடாம, காட்டுல கேமரா வெச்சு ராத்திரியில படம் எடுத்துக்கிட்டிருந்தார். அதைப் பார்த்து கார்பெட்டும் கேமராவைக் கையில எடுத்தார். 1938-ல ஓடைக்கரை ஒண்ணைத் தன்னோட ஸ்டூடியோவா மாத்திக்கிட்டார். கேமரா ஓடுற சத்தம் புலிக்குக் கேட்கக் கூடாதே! அதுக்காக ஓடையில சின்னச் சின்ன அணை கட்டி, தண்ணி விழுற சத்தத்தை வரவழைச்சார். மாசக்கணக்குல காத்திருந்து, ஏழு புலிகளைப் பகல் வெளிச்சத்துல படம் பிடிச்சார். துப்பாக்கியால சுடுறதைவிட இது கஷ்டம்னு அவருக்குப் புரிஞ்சது. கடைசிவரைக்கும் மிஞ்சுறது எதுங்கிறதும் புரிஞ்சது.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போய்க் காட்டைப் பத்திப் பேசினார். காடுகளைக் காப்பாத்தணும்னு சாம்பியனோட சேர்ந்து குரல் கொடுத்தார். 1936-ல ராம்கங்கா நதிக்கரைக் காடு தேசியப் பூங்கா ஆச்சு. இந்தியாவுலேயே முதல்ல. அப்போ அதுக்கு வெச்ச பெயர், மாகாண கவர்னரா இருந்த மால்கம் ஹெய்லியோடது.

72 வயசுல ஊரைவிட்டு

இவ்வளவு தூரம் இந்த மண்ணோட கலந்தவர், 1947 நவம்பர்ல இந்தியாவைவிட்டுக் கிளம்பிட்டார். கல்யாணம் பண்ணிக்காத தம்பி, கல்யாணம் பண்ணிக்காத அக்கா மேகி. ஆங்கிலேயர் ஆட்சி முடிஞ்ச நாட்டுல வயசான காலத்துல தங்களோட நிலைமை என்னாகுமோங்கிற கவலை. இங்கிலாந்து அவங்களுக்குச் சொந்த ஊரும் இல்லை. அதனால கென்யாவுல இருக்கிற நியேரிக்குப் போனாங்க. சாரணர் இயக்கத்தைத் தொடங்கின பேடன் பவலுக்காகக் கட்டின சின்ன வீட்டுல குடியிருந்தாங்க.

1952 பிப்ரவரியில, பக்கத்துக் காட்டுல மரத்து மேல இருக்கிற `ட்ரீ டாப்ஸ்' விடுதிக்கு இளவரசி எலிசபெத் வந்தப்போ, கூட இருந்தவர் கார்பெட். அந்த ராத்திரிதான் இங்கிலாந்துல மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்தார். இளவரசியா மரத்துல ஏறினவர், மகாராணியா இறங்கினார்.

1955 ஏப்ரல் 19. தன்னோட ஆறாவது புத்தகத்தை முடிச்ச சில நாள்லயே கார்பெட் மாரடைப்பால இறந்தார். நியேரி தேவாலயத்துலதான் அவரோட கல்லறை இருக்கு. அதுக்கப்புறம்தான் இந்தியா, அந்த முதல் தேசியப் பூங்காவுக்கு அவரோட பெயரை வெச்சது. தன் பெயர்ல ஒரு காடு இருக்கும்ங்கிறது கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது.

1973-ல `புராஜெக்ட் டைகர்' தொடங்கினதும் இதே இடத்துலதான். 2022 கணக்கெடுப்புல இந்தக் காப்பகத்துல மட்டும் 260 புலிகள். இந்தியாவுல வேற எந்தக் காப்பகத்துலயும் இத்தனை கிடையாது.

டிரிப்ல இதையும் சேர்த்துக்கோங்க

உங்க கார் பூங்காவுக்குள்ள போகாது. வனத்துறை அனுமதி உள்ள ஜீப்புலதான் சஃபாரி. பெர்மிட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க. திகாலா பகுதி மழைக்காலத்துல மூடியிருக்கும், நவம்பர் பாதிக்கு மேலதான் திறப்பாங்க. ஜிர்னா பக்கம் வருஷம் பூரா போகலாம்.

ராம்நகர்ல இருந்து நைனிடால் போற வழியில காலாதுங்கி வரும். அங்கே கார்பெட்டோட குளிர்கால வீடு இப்போ மியூசியம். டிரைவர்கிட்ட ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க. பக்கத்துலேயே `சோட்டி ஹல்த்வானி' கிராமம். 1915-ல கார்பெட் 221 ஏக்கர் வாங்கி, நிலம் இல்லாதவங்களைக் குடியேத்தி உருவாக்கின ஊர் அது. காட்டுப்பன்றி பயிரை அழிக்குதுனு ஊரைச் சுத்தி ஏழு கிலோமீட்டருக்குக் கல் சுவர் கட்டிக்கொடுத்தார். கென்யா போன பிறகும் அந்த நிலத்துக்கான வரியை அங்கிருந்தே கட்டினார். நிலம் குடியானவங்களுக்கே போய்ச் சேர்ந்தது.

படிக்கணும்னு தோணினா, அவரோட `குமாயுன் புலிகள்' தி.ஜ.ர. மொழிபெயர்ப்புல தமிழ்லயே இருக்கு. மோகாமா காட் வாழ்க்கையைச் சொல்ற `எனது இந்தியா'வை யுவன் சந்திரசேகர் மொழிபெயர்த்திருக்கார். கார்ல ஆறு மணி நேரப் பயணத்துக்கு ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோங்க. சஃபாரியில புலி கண்ணுல படுறது உங்க அதிர்ஷ்டம். சோட்டி ஹல்த்வானியோட கல் சுவரைப் பார்க்க அதிர்ஷ்டம் தேவையில்லை. காரைவிட்டு இறங்கினாப் போதும்.