பந்துக்காப்பாளனாக நின்ற பையன்

1930 டிசெம்பர் மாதம், அல்ஜியர்ஸ் நகரின் முஸ்தபா வைத்தியசாலையில் 17 வயதுப் பையன் ஒருவன் அனுமதிக்கப்பட்டான். இருமும்போது இரத்தம் வந்தது. வலது நுரையீரலில் காசநோய். அதைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லாத காலம். நெஞ்சுக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைப்பதுதான் சிகிச்சை. போரில் இறந்தவரின் பிள்ளை என்பதால் அரசு இலவசமாக வைத்தியம் பார்த்தது. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக ராசிங் கழகத்தின் இளையோர் அணிக்குப் பந்துக்காப்பாளனாக நின்ற அந்தப் பையனின் உதைபந்தாட்டம் அத்துடன் முடிந்தது.

அவன் பெயர் அல்பேர் கமு.

தகப்பன் லூசியன், முதலாம் உலகப் போரின் மார்ன் சண்டையில் காயப்பட்டு 1914 ஒக்ரோபரில் இறந்தபோது கமுவுக்கு ஒரு வயதும் ஆகவில்லை. அவரது தலையிலிருந்து எடுத்த ஷெல் துண்டை வைத்தியசாலை மனைவிக்கு அனுப்பி வைத்தது. காது சரியாகக் கேளாத, எழுத வாசிக்கத் தெரியாத தாய் கத்தரின் அதைத் தகரப் பெட்டியொன்றில் பத்திரமாக வைத்திருந்தார். வீடுகளைத் துப்புரவாக்கித்தான் அவர் பிள்ளைகளை வளர்த்தார். பெல்கூர் பகுதியிலிருந்த அந்த வீட்டில் அதிகாரம் அம்மம்மாவுடையது. சப்பாத்து தேய்ந்தால் அடி விழும். ஓடாமல் கோலடியில் நின்றால் சப்பாத்து தேயாது என்பதால்தான் அவன் பந்துக்காப்பாளன் ஆனான் என்றொரு கதை உண்டு.

நோய்க்குப் பிறகு, இறைச்சிக்கடை வைத்திருந்த மாமா அக்கோவின் வீட்டுக்குப் போனான். அங்கே நல்ல சாப்பாடும் இருந்தது, நிறையப் புத்தகங்களும் இருந்தன. ஆசிரியர் ஜோன் கிரெனியே எழுதத் தூண்டினார். நோய்தான் அவரை எழுத்தாளராக்கியது என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு முன்பே, ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் லூயி ஜேர்மன் வீட்டாரிடம் பேசி, புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவனைத் தயார்படுத்தியிருந்தார். நோய் கொடுத்ததைவிடப் பறித்ததே அதிகம். பந்து போனது. உடற்தகுதி இல்லையென்று அரச ஆசிரியர் பதவிக்கான போட்டிப் பரீட்சையும் மறுக்கப்பட்டது. 1939இல் இராணுவமும் வேண்டாமென்றது.

மிஞ்சியது பத்திரிகை. 1939இல் கபிலியா மலைக் கிராமங்களுக்குப் போய், அங்கிருந்த பசியையும் கூலிச் சுரண்டலையும் கணக்கோடு எழுதினார். ஆள்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வருடமே அவர் ஆசிரியராக இருந்த நாளிதழ் தடைசெய்யப்பட்டது. வேலை தேடி ஊரை விட்டுப் போனார். 1942இல் ‘அந்நியன்’ வந்தது. 1947இல் வந்த ‘கொள்ளைநோய்’ நாவலில், நோய்த்தொற்று முகாமாக மாற்றப்பட்ட உதைபந்தாட்ட மைதானம் ஒன்று வருகிறது.

அல்ஜீரியப் போரில் அவர் எடுத்த நிலைப்பாடு இன்றும் பலருக்குக் கசப்பு. 1956 ஜனவரியில், பொதுமக்களைக் கொல்லாதீர்கள் என்று இரு தரப்பிடமும் கேட்டார். இரு தரப்பும் கேட்கவில்லை. பிறகு பெரும்பாலும் பொதுவெளியில் மௌனமானார். சுதந்திரத்தை ஆதரிக்காத அந்த மௌனத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவரது தாய் அந்த ஊரில்தான் இருந்தார்.

1957 ஒக்ரோபரில், நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட சில நாட்களில், பாரிஸ் மைதானத்தில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவரை கமெரா பிடித்தது. கோல் விட்ட பந்துக்காப்பாளரைக் குறை சொல்ல வேண்டாமென்று அவர் பரிந்து பேசினார்.

1960 ஜனவரி 4ஆம் திகதி கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 46 வயது. விபத்து நடந்த இடத்தில் கிடைத்த பையில், கையால் எழுதிய 144 பக்கங்கள் இருந்தன. பெல்கூர் வீடும், அம்மம்மாவின் சப்பாத்துச் சோதனையும் அதில் இருந்தன. வாசிக்கத் தெரியாத தாய்க்கே அதைச் சமர்ப்பித்திருந்தார். அந்தப் பக்கங்கள் 1994இல்தான் நூலாக வந்தன.