மண்வெட்டிப் படை

சுவிட்சர்லாந்து மலைகள் சூழ்ந்த சிறு நாடு. அந்நாட்டு ஆண்மக்கள் படைப்பயிற்சி பெறுதல் வேண்டும். விலக்குப் பெற்றோர் அதற்கு ஈடாக வரி செலுத்துதல் வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. முதல் உலகப் போர் மூண்டிருந்த காலத்தில், போருக்கென ஒரு காசும் கொடேன் என்று மறுத்து ஒருவர் சிறை புகுந்தார். அவரே பியேர் செரெசோல் என்பார்.

செரெசோல் 1879ஆம் ஆண்டு லொசான் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் 1873இல் நாட்டின் தலைவராக விளங்கியவர். மைந்தரோ பொறியியல் கற்றார். அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் முதலிய இடங்களில் உழைத்து வாழ்ந்தார். தமக்கு வந்த குடும்பச் செல்வத்தையும் அரசிடமே ஒப்படைத்தார்.

போரை வெறுப்பது எளிது; போர் இடித்ததைக் கட்டுவது அரிது. 1920ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டுப் பில்தோவன் என்னும் ஊரில் சமாதானம் விழையும் கிறித்தவர் சிலர் கூடினர். நெடும்பேச்சால் என்ன பயன் என்னும் எண்ணம் ஆங்கே எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் செரெசோல் சிறு குழுவொன்றுடன் பிரான்சு நாட்டு எஸ்ன் கிராமத்தை அடைந்தார். வெர்துன் போர்க்களத்தை அடுத்த அவ்வூர் கல்லும் மண்ணுமாய்க் கிடந்தது. குழுவினர் குடும்பங்கள் தங்கத் தற்காலிக வீடுகள் அமைத்தனர், வழிகளைச் செப்பனிட்டனர், குண்டுகள் குடைந்த பள்ளங்களைத் தூர்த்தனர். கூலி பெற்றாரில்லர். குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். பகைவர் கையால் எங்கள் ஊர் எழுவதா என்று எதிர்ப்புத் தோன்றியது. உற்றாரைப் போரில் இழந்தவர்களின் சினம் அது. அதனைக் குறை கூறுதல் எளிதன்று. 1921இல் பணி பாதியில் நின்றது.

செரெசோல் தளர்ந்தாரில்லர். 1924இல் தம் நாட்டிலேயே பனிச்சரிவால் அழிந்த சிற்றூரில் தொண்டரைத் திரட்டினார். இவருடைய தமையனார் எர்னஸ்ட் படையில் கர்னல் பதவி வகித்தவர். வாளை வெறுத்த தம்பியின் மண்வெட்டிப் படையை அவரே முன்னின்று நடத்தியது வியப்பன்றோ! வெள்ளம் பாழ்படுத்திய லிக்டன்ஸ்டைன் நாட்டில் 1928இல் எழுநூறு பேருக்கு மேல் வந்து மண் அள்ளினர். இவ்வியக்கம் பின்னர் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்று பெயர் பெற்றது.

1931 டிசம்பரில் காந்தியடிகள் சுவிட்சர்லாந்து சென்றபோது செரெசோல் அவரைச் சந்தித்தார். 1934 சனவரி 15இல் பீகாரில் பெரு நிலநடுக்கம் நிகழ்ந்தது. பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து மணலைக் கக்கிற்று, வயல்கள் மணல்மேடாயின. நிலமட்டமே மாறிப்போனதால், மழை பெய்தால் ஊர்களில் வெள்ளம் தேங்கிற்று. இடிந்த இடத்திலேயே வீடு கட்டுவது வீண் என்பது தெளிவாயிற்று.

செரெசோல் அவ்வாண்டே இந்தியா வந்து நிலைமையை ஆராய்ந்தார். மீண்டும் தோழர் சிலருடன் வந்தார். முசாபர்பூர்ப் பகுதியில் உயர்ந்த நிலத்தில் புதிய ஊர்களை அமைக்கத் தொடங்கினார். முதல் ஊருக்குச் சாந்திப்பூர் என்று பெயரிட்டனர். நிவாரணப் பணியில் ஆங்கில அரசு ஒருபுறமும், இராசேந்திர பிரசாத்தின் குழு மறுபுறமும் இருந்தன. ஒருவரையொருவர் ஐயுற்ற இவ்விரு சாராருடனும் செரெசோல் ஒத்துழைத்தார். வெயிலில் நின்று மண் சுமக்கும் வெள்ளையரை அந்நாளில் காண்பது அரிது. 1937 வரை அவர் மும்முறை இந்தியா வந்து சென்றார்.

இதற்கிடையே 1936இல் அவர் குவேக்கர் சபையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அனுமதியின்றி எல்லை கடந்து ஜெர்மனிக்குள் சென்று மீண்டும் சிறைப்பட்டார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

படைப்பணிக்கு மாற்றாகத் தொண்டுப்பணி செய்ய மனச்சான்று மிக்கோரை அனுமதிக்க வேண்டும் என்று அவர் வாழ்நாளெல்லாம் வேண்டினார். சுவிட்சர்லாந்தில் அதற்கெனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1996ஆம் ஆண்டில்.