தூர்கோவும் கிராம சபைகளும்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிப் பேசுவோர் 1789-ம் வருஷத்தில் பாஸ்டில் சிறை வீழ்ந்த தினத்திலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். அதற்குப் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்னர், 1776-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி, ஒரு பொக்கிஷ மந்திரி பதவியிலிருந்து விலக்கப்பட்ட தினத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம். அந்த மந்திரியின் பெயர் தூர்கோ. பொருளாதார சாஸ்திரியாக உலகம் அவரை அறியும். ஸ்தல ஸ்தாபனங்களின் அருமையை உணர்ந்த நிர்வாகியாக அவரை அறிந்தோர் சிலரே.

1727-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி அவர் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அந்நகரின் நிர்வாகத் தலைவராக இருந்து, கழிவுநீர்க் கால்வாய் அமைத்துப் புகழ் பெற்றவர். ஆகவே நகர பரிபாலனம் என்பது தூர்கோவுக்குக் குடும்பச் சொத்து போன்றது. பாதிரியாராவதற்கென்று படித்த அவர், 1751-ல் அந்த எண்ணத்தைக் கைவிட்டு ராஜாங்க உத்தியோகத்தில் புகுந்தார். கெனே முதலிய அக்காலப் பொருளாதார அறிஞர்களுடன் பழகினார். நிலமும் உழவுமே தேசச் செல்வத்தின் ஊற்று என்னும் அவர்கள் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1761-ல் அவர் லிமோஜ் மாகாணத்தின் அதிகாரியாக நியமிக்கப்பட்டார். வரி, பாட்டை, போலீஸ் ஆகிய யாவும் அந்த அதிகாரியின் கையில் இருந்தன. பிரான்ஸிலேயே மிக வறிய பிரதேசங்களில் அது ஒன்று. குடியானவர்கள் செஸ்ட்நட் கொட்டைகளையும் மட்டமான தானியங்களையும் உண்டு காலங்கழித்தனர். பிரபுக்களுக்கு விலக்கு அளிக்கப்பட்ட வரியை ஏழைகளே சுமந்தனர். செல்வம் மிகுந்த லியோன் மாகாணத்துக்கு மாற்றம் கிடைக்க இருந்தபோது, தொடங்கிய வேலையை நடுவில் விட்டுப் போக மனமின்றி அதை வேண்டாமென்று மறுத்தார். பதின்மூன்று வருஷங்கள் அங்கேயே உழைத்தார்.

நம் நாட்டில் அமிஞ்சி என்று வழங்கியது போன்ற கொடுமை ஒன்று பிரான்ஸிலும் இருந்தது. பாட்டைக்கு அருகே வசித்த குடியானவர்கள் தங்கள் மாடுகளுடனும் வண்டிகளுடனும் வந்து, கூலியில்லாமல் பாட்டை போட வேண்டும். உழவுக் காலத்தில் அவர்கள் வயல் கிடந்து வாடும். தூர்கோ இதற்கு ஓர் உபாயம் கண்டார். கிராமத்தார் கூடித் தீர்மானித்து, தங்கள் பங்கு வேலையைக் கூலியாட்களைக் கொண்டு ஒப்பந்தத்தில் முடிப்பர். அந்தச் செலவு அக்கிராமத்தின் வரியில் கழிக்கப்பட்டு, மாகாணம் முழுவதுக்கும் பகிர்ந்து விதிக்கப்படும். இதனால் சுமை குறைந்தது, பாட்டைகளும் சிறந்தன. சர்க்கார் என்றாலே ஐயுறும் ஜனங்களுக்குக் காரணங்களை எடுத்துரைக்கும்படி கிராமப் பாதிரிமார்களுக்குக் கடிதங்கள் எழுதினார். ஜனங்களின் சம்மதமின்றி நன்மையும் நிலைக்காது என்பதை அவர் அங்கே கற்றுக்கொண்டார்.

1770-ல் மாகாணத்தில் கொடிய க்ஷாமம் வந்தது. உடல் வலிமையுள்ள ஏழைகளுக்குத் தர்மத்துக்குப் பதிலாகக் கூலி வேலை கொடுத்தார். அறுவடை வரையில் தங்கள் வாரக்குடிகளைப் போஷிக்க வேண்டுமென்று நிலச்சொந்தக்காரர்களுக்கு உத்தரவிட்டார். சொந்தப் பணத்தையும் செலவிட்டார். உருளைக்கிழங்கு பயிரிடுமாறு ஜனங்களைத் தூண்டினார். அப்பிரதேசத்தில் பீங்கானுக்கேற்ற வெண்களிமண் கண்டெடுக்கப்பட்டதும், 1771-ல் தோன்றிய பீங்கான் தொழிலுக்கு ஊக்கமளித்தார். லிமோஜ் பீங்கானுக்கு இன்றும் உலகெங்கும் மதிப்புண்டு. வறிய பிரதேசம் என்று ஒதுக்கப்பட்ட மண்ணிலும் செல்வம் மறைந்து கிடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

1774-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், புதிதாகப் பட்டமேறிய பதினாறாம் லூயி அவரைப் பொக்கிஷ மந்திரியாக்கினார். திவால் கூடாது, வரியை உயர்த்தக் கூடாது, கடன் வாங்கக் கூடாது, சிக்கனமே வழி என்று அவர் அரசருக்கு எடுத்துரைத்தார். அடுத்த மாதமே தானிய வியாபாரத்தின் தளைகளை அறுத்தார். ஆனால் அவ்வருஷம் விளைச்சல் குறைந்தது. 1775 வசந்தத்தில் ரொட்டி விலை ஏறி, கலகம் மூண்டது. தூர்கோ துருப்புக்களைக் கொண்டு அதை அடக்கினார். பாரிஸில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். பசித்தவனிடம் சித்தாந்தம் பேசிப் பயனில்லை. அவர் வாழ்வில் இது ஒரு களங்கமே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

அவருடைய யோசனைகளுள் பெரியது ஸ்தல சபைத் திட்டம். அவர் கருத்தைத் தழுவி 1775-ல் அவருடைய நண்பர் தூபோன் அதை எழுதினார். கிராமந்தோறும் ஒரு சபை. அதற்கு மேல் ஜில்லா சபை. அதற்கு மேல் மாகாண சபை. யாவற்றுக்கும் மேலே தேச சபை. வரியைப் பங்கிடுதல், பாட்டை போடுதல், ஏழைகளைப் பராமரித்தல் ஆகியவை அவற்றின் பொறுப்பு. பிரபு, பாதிரி, பாமரன் என்ற பேதம் அவற்றில் இல்லை. எனினும் நில வருமானத்தின் அளவுக்கேற்பவே வாக்கு. நிலமில்லாதவனுக்கு வாய் இல்லை. சட்டமியற்றும் அதிகாரமும் இல்லை. இக்குறைகள் இருப்பினும், ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்தப் பழகும் பள்ளிக்கூடமாக அது விளங்கியிருக்கும். அதை ஒத்திவைத்ததுதான் அவர் செய்த பெரும் பிழை. முதலில் சட்டங்கள், பிறகு சபைகள் என்று அவர் எண்ணிவிட்டார்.

1776-ம் வருஷத் தொடக்கத்தில் அவர் கொண்டுவந்த ஆறு சட்டங்கள் தேசமெங்கும் பாட்டை அமிஞ்சியை ஒழித்தன. தொழிற்சங்கங்களின் ஏகபோகத்தைத் தகர்த்தன. பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் கொதித்தெழுந்தனர். அதே சமயத்தில் ஐரோப்பிய அரசியலும் குறுக்கிட்டது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டன. பழைய பகைமையைத் தீர்த்துக்கொள்ள இதுவே தருணம் என்றனர் பலர். குடியேற்றங்கள் என்றாவது விடுதலை பெறுவது நிச்சயம் என்று தூர்கோ நம்பினார். ஆயினும் யுத்தத்தில் பிரான்ஸ் இறங்கினால் பொக்கிஷமும் சீர்திருத்தமும் ஒருங்கே அழியும் என்று எச்சரித்தார். அரசர் செவி சாய்க்கவில்லை. மே மாதத்தில் தூர்கோ விலக்கப்பட்டார். ஆகஸ்டில் அமிஞ்சி திரும்பி வந்தது. 1778-ல் பிரான்ஸ் யுத்தத்தில் இறங்கியது. அதற்கு நூறு கோடி லிவருக்கு மேல் செலவாயிற்று, பெரும்பகுதி கடன். 1781-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி தூர்கோ காலமானார். 1787-ல் அரசாங்கம் மாகாண சபைகளை அவசரமாக நிறுவ முயன்றபோது காலம் கடந்துவிட்டது. 1793-ல் அரசரின் தலையே உருண்டது.

பதின்மூன்று வருஷ உழைப்பின் அனுபவத்தைக் கொண்டு இயற்றிய சட்டங்கள் ஒரு கையெழுத்தில் கவிழ்ந்தது ஏன்? அவற்றைக் காத்து நிற்கக் கிராமத்தில் ஒரு சபையும் இல்லை. அமிஞ்சி ஒழிந்ததென்று மகிழ்ந்த குடியானவன், அது திரும்பியபோது ஆட்சேபம் சொல்லுவதற்கு ஓர் இடமும் இல்லை. மேலிருந்து அருளப்படும் சுபிட்சம் மேலிருந்தே பறிக்கப்படும். நல்ல மந்திரி கிடைப்பது தேசத்தின் பாக்கியம். அவர் போன பின்னும் நன்மை நிற்க வேண்டுமானால், கிராம சபைக்கு அதிகாரமும் பணமும் அளிக்க வேண்டும். இந்தக் காரியத்தை நாளைக்கென்று ஒத்திவைக்கும் ஆட்சியாளர் எவராயினும், தூர்கோவின் சரித்திரத்தை ஒருமுறை படிப்பாராக.