ஏட்டறிவைப் பொதுவுடைமையாக்கிய வேந்தர்

வடோதரையில் குடியேறி வாழும் நமக்குச் சயாஜிராவ் என்னும் பெயர் புதிதன்று. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் பூங்காவும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும், அம்மன்னர் ஆற்றிய பெரும்பணி தொடக்கக் கல்வியைத் தம் நாடெங்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் ஆக்கியதேயாம்.

நாசிக் மாவட்டத்துக் கவ்லானா என்னும் சிற்றூரில், 1863 மார்ச் 11ஆம் நாள், உழவர் குடும்பத்தில் பிறந்தார் கோபால்ராவ். மகாராணி ஜமனாபாய் அவரைச் சுவீகாரம் கொண்டு, 1875இல் பரோடா அரியணையில் அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு, எழுத்தறியாத சிறுவர். எலியட் என்னும் ஆங்கிலேயர் ஆசிரியராக அமைந்தார். ஆட்சிமுறையைப் போதித்தவரோ, நம் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ். ஆறே ஆண்டுகளில், 1881 டிசம்பரில், முழு அதிகாரமும் இளைஞர் கைக்கு வந்தது.

காலந்தாழ்ந்து கல்வி பெற்றவர்க்கே அதன் அருமை நன்கு விளங்கும் போலும். ஆயினும் மன்னர் அவசரப்படவில்லை. ஏழைக் குடும்பத்தில் மாடு மேய்ப்பதும் தம்பி தங்கையரைப் பேணுவதும் பிள்ளைகளே. அவர்களைப் பள்ளிக்கு அழைத்தால் அக்குடும்பம் இரு கைகளை இழக்கும். ஆகவே 1893இல் அம்ரேலி தாலுகாவின் பத்துக் கிராமங்களில் மட்டும் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1906இல், அதனை நாடு முழுவதற்கும் விரித்தார். சட்டம் வந்தவுடன் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடவில்லை. அனுப்பாத பெற்றோர்க்குத் தண்டமும் விதிக்க வேண்டியிருந்தது.

கற்ற எழுத்து மறந்துபோகாதிருக்க வேண்டுமே! அதற்காக அமெரிக்க நூலக வல்லுநர் போர்டனை 1910இல் வரவழைத்தார். கிராமங்களில் நூலகங்கள் எழுந்தன. நூல்கள் நிறைந்த பெட்டிகள் ஊர் ஊராகச் சென்றன. பரோடாவைச் சான்றாகக் கொண்டு, கோகலே 1911இல் இந்தியா முழுமைக்கும் ஒரு மசோதா கொணர்ந்தார். மறு ஆண்டில் அது தோற்கடிக்கப்பட்டது.

தீண்டாதார் எனப்பட்ட மக்களுக்கும் மன்னர் பள்ளிகள் திறந்தார். 1913இல் அவரது உதவித்தொகை பெற்றே அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். ஆனால் 1917இல் அரசுப் பணிக்காக இந்நகர் வந்த அப்பேரறிஞருக்குத் தங்க ஓரிடம் கிடைக்கவில்லை. பூங்காவில் அமர்ந்து கண்ணீர் வடித்தபின் ஊரைவிட்டே அகன்றார். இன்று சயாஜியின் பெயர் தாங்கும் பூங்காவே அது. மன்னரின் ஆணை பள்ளிக் கதவைத் திறந்தது. ஊராரின் வீட்டுக் கதவைத் திறக்க அவ்வாணையால் இயலவில்லை.

1939 பிப்ரவரி 6ஆம் நாள் சயாஜிராவ் மறைந்தார். பரோடாவில் 1906இல் நிறைவேறியது, பாரதம் முழுவதற்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் உரிமையாயிற்று.

நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் காலனி வீடுகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா என வினவுவோம். செல்லாவிடில் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். நமக்கு வாழ்வளித்த நகரின் வேந்தருக்கு அதுவே தக்க நன்றிக்கடனாகும்.